கப்பல்ல டின்னருக்கு என்ன டிரஸ்? ஒரு முதியோர் மருத்துவரின் இழை

1.
கப்பல்ல உல்லாசப் பயணம் போறவங்க ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன உடுத்திக்கிட்டுப் போறாங்க?

"இதையெல்லாம் ஒரு டாக்டர் எழுதணுமா?"ன்னு நீங்க கேட்கறது காதுல விழுது. நான் இங்கிலாந்தின் தென்கரையில் முதியோர் நல மருத்துவரா வேலை பார்க்கிறேன். என்கிட்ட வர்ற எழுபது வயசுக்காரங்கள்ல நிறைய பேருக்குக் கப்பல் பயணம்ங்கறது, நம்ம ஊர்ப் பெரியவங்களுக்குக் காசி, ராமேஸ்வரம் மாதிரி. அதனால மாத்திரைச் சீட்டோட சேர்ந்து இந்தக் கேள்வியும் என் மேஜைக்கு வந்துடும்.

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க.

2.
முதல்ல அடிப்படை. பெரிய பயணக் கப்பல்கள்ல சாயங்காலத்துக்கு மேல உடை விஷயத்துல பொதுவா மூணு படி இருக்கும்.

கேஷுவல்: ஆண்களுக்குக் காலர் வச்ச சட்டை, முழு பேன்ட். பெண்களுக்கு வெளியில போட்டுக்கிட்டுப் போற எந்த நல்ல உடையும் சரி.

ஸ்மார்ட் கேஷுவல்: அதுக்கு மேல ஒரு கோட். டை கட்டாயமில்ல.

ஃபார்மல்: ஆண்களுக்கு டக்ஸீடோ அல்லது கருநிற சூட், டை. பெண்களுக்கு நீளமான கவுன் அல்லது அதுக்கு ஈடான உடை.

ஏழு ராத்திரிப் பயணம்னா பெரும்பாலும் ரெண்டு ராத்திரி ஃபார்மலா இருக்கும். பேரு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குனார்ட் கப்பல்கள்ல 'காலா ஈவினிங்'. கார்னிவல் கப்பல்கள்ல 'குரூஸ் எலிகன்ட்'.

3.
எல்லாரும் ஒரே மாதிரி கறார் கிடையாது. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-ஆம் ஆண்டு 'ஃப்ரீஸ்டைல்'னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. குறிச்ச நேரம், குறிச்ச மேஜை, கட்டாய ஃபார்மல் ராத்திரி எல்லாம் போச்சு. பசிச்சா வாங்க, இருக்கறதைப் போட்டுக்கிட்டு வாங்க.

அதுக்கு நேர் எதிர் முனையில குனார்ட். சாயங்காலம் 6 மணிக்கு மேல அங்கே உடை விதி அமலுக்கு வந்துடும். காலா ராத்திரியில ஆண்கள் டின்னர் ஜாக்கெட் அல்லது டையோட கருநிற சூட் போடணும். விருப்பம் இல்லையா? பஃபே, பப்னு சில இடங்கள் திறந்திருக்கும். அங்கே சாப்பிட்டுக்கலாம்.

இந்த 'பஃபே'ங்கற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கங்க. பின்னாடி வரும்.

4.
இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது?

விமானம் இல்லாத காலத்துல அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பல்தான் வழி. முதல் வகுப்புப் பயணிகள் ஊர்ல மாளிகையில எப்படி டின்னருக்கு உடை மாத்துவாங்களோ, அதையே கப்பல்லயும் செஞ்சாங்க. அதுல ஒரு நடைமுறை புத்தியும் இருந்தது: முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் ஃபார்மல் கிடையாது. முதல் நாள் பெட்டி பிரிச்சிருக்க மாட்டாங்க. கடைசி நாள் பெட்டி கட்டியிருப்பாங்க. இந்த வழக்கம் இன்னிக்கும் பெரும்பாலும் தொடருது.

இன்னொரு வேடிக்கை. இன்னிக்கு உச்சபட்ச ஃபார்மல்னு நாம நினைக்கிற டக்ஸீடோ, 1880-கள்ல வால் கோட்டுக்குப் பதிலா வந்த 'சும்மா போடற' உடை! அந்தக் காலத்துப் பெரியவங்களும் "என்ன காலம் கெட்டுப்போச்சு"ன்னு புலம்பியிருப்பாங்க.

5.
1935-ல் முதல் பயணம் போன 'நார்மண்டி'ங்கற பிரெஞ்சுக் கப்பல்ல முதல் வகுப்பு டைனிங் ஹால் 90 மீட்டருக்கு மேல நீளம். ஒரே நேரத்துல 700 பேர் உட்காரலாம். படிக்கட்டு வழியா மேலேயிருந்து இறங்கி வரணும். எதுக்கு? கீழே உட்கார்ந்திருக்கறவங்க உங்களைப் பார்க்கணும், அதுக்குத்தான். அந்த ஹாலே நகையும் கவுனும் காட்டறதுக்காகக் கட்டின மேடை.

அதே கப்பல்ல மூணாம் வகுப்புல வந்தவங்க அந்த ஹாலை எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

6.
நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம், 1997-ல் வந்த 'டைட்டானிக்' படம். மூணாம் வகுப்பு ஜாக் முதல் வகுப்பு டின்னருக்குப் போகணும். மோலி பிரவுன் தன் மகனோட சூட்டை எடுத்து மாட்டி விடுவாங்க. அவ்வளவுதான், கதவு திறந்துடும். ஆள் அதே ஆள். துணி மட்டும் வேற.

உடை விதியோட வரலாறு முழுக்க அந்த ஒரு காட்சியில இருக்கு.

7.
1958-ல் அட்லாண்டிக்குக்கு மேல ஜெட் விமான சேவை தொடங்கிச்சு. பயணிகள் கப்பலை விட்டுட்டுப் போனாங்க. கப்பல் கம்பெனிகள் உல்லாசப் பயணத்துக்கு மாறினாங்க. பெரும்பாலான கப்பல்கள்ல மூணு வகுப்பு முறை மறைஞ்சுது. டிரஸ் பண்ணிக்கிற பழக்கம் மட்டும் ஒரு பொழுதுபோக்கா மிஞ்சிச்சு. நம்ம வீட்டுக் கல்யாணத்துல ரிசப்ஷனுக்கு மட்டும் எல்லாரும் கோட் போடற மாதிரி.

8.
"அப்ப நம்ம ஆளுங்க வேட்டியில போனா?"ன்னு கேட்கறவங்களுக்கு. போகலாம். ஃபார்மல் ராத்திரிக்கு அவங்கவங்க நாட்டு மரபு உடையும் ஏத்துக்கப்படும். ஸ்காட்லாந்துக்காரர் கில்ட்டுல வருவார். என் அப்பா எங்க கூட வந்தப்ப பட்டு வேட்டி, முழுக்கை வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரம். வாசல்ல நின்ன பணியாளர் தலை தாழ்த்தி உள்ளே அனுப்பினார். அம்மாவோட காஞ்சிபுரம் புடவையைப் பத்தி மேஜையில இருந்த மூணு பெண்கள் விசாரிச்சாங்க.

இதுல ஒரு முரண் இருக்கு. நம்ம சென்னையிலேயே 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு கிளப் உள்ளே விடல. அதுக்கப்புறம் அதே வருஷம் தமிழ்நாடு அரசு சட்டமே போட வேண்டி வந்தது. மீறினா ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸ் ரத்து.

9.
சரி, இப்ப மருத்துவத்துக்கு வருவோம்.

ஒரு முதியவர் தன் வேலையைத் தானே செஞ்சுக்கிறாரான்னு பார்க்க எங்களுக்கு அளவுகோல்கள் உண்டு. 1963-ல் வந்த காட்ஸ் அட்டவணை, 1965-ல் வந்த பார்தெல் அட்டவணை. ரெண்டுலயும் குளிக்கிறது, சாப்பிடறது, கழிவறை போறதோட 'தானே உடுத்திக்கிறது'ம் ஒரு கேள்வி.

ஏன் தெரியுமா? ஒரு சட்டை பட்டன் போட விரல் நுனியில உணர்ச்சி வேணும், ரெண்டு கை ஒத்துழைக்கணும், தோள் சுழலணும், எந்தக் கை முதல்ல நுழையணும்னு மூளை வரிசைப்படுத்தணும். நிமிர்ந்து நிக்கப் பேலன்ஸ் வேணும். அஞ்சு நிமிஷத்துல உடம்பு மொத்தத்துக்கும் ஒரு பரீட்சை.

அந்தப் பரீட்சையோட கஷ்டமான வினாத்தாள்தான் ஃபார்மல் டின்னர் உடை. சின்னச் சின்ன பட்டன், கஃப் லிங்க், கழுத்துல டை, கயிறு கட்டின ஷூ.

10.
என்னோட கிளினிக்குக்கு வர்ற ஒரு தம்பதி. (அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன். எழுதிக்கங்கன்னு அவங்களே சொன்னாங்க.) அவருக்கு எழுபத்து நாலு வயசு. ஆறு வருஷமா பார்க்கின்சன். நம்ம ஊர்ல நடுக்குவாதம்னு சொல்வோம். அவங்க மனைவிக்கு எழுபத்தொண்ணு. ஒரு வருஷமா தினமும் அவருக்குச் சட்டை போட்டு விடறது அவங்கதான்.

கப்பல் டிக்கெட் எடுத்தாச்சு. ரெண்டு ஃபார்மல் ராத்திரி. அவர் சொன்னார்: "டாக்டர், அந்த ரெண்டு நாளும் நாங்க பஃபேயில சாப்பிட்டுக்கறோம். அங்கே யாரும் பார்க்க மாட்டாங்க."

மனைவி ஒண்ணும் பேசல. அவர் எக்ஸ்ரே எடுக்கப் போன நேரம் என்கிட்ட மெதுவா சொன்னாங்க: "நான் ஒரு கவுன் வாங்கி வச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது."

11.
இது வெறும் துணிப் பிரச்சினை இல்லைன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

பார்க்கின்சன்ல மனுஷங்க கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்குவாங்க. முதல்ல கல்யாண வீட்டுக்குப் போறதை நிறுத்துவாங்க. அப்புறம் ஹோட்டல். அப்புறம் வாசல். கூடவே துணைவரும் ஒதுங்கிடுவாங்க, யாரும் கேட்காமலேயே.

அதனால நாங்க அதை ஒரு சிகிச்சைத் திட்டமாவே எடுத்துக்கிட்டோம்.

12.
என்ன செஞ்சோம்?

எங்க தொழில்சார் சிகிச்சையாளர், அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஒரு பட்டன் கொக்கி கொடுத்தாங்க. மரப்பிடி, நுனியில கம்பி வளையம். பட்டன் துளைக்குள்ள விட்டு இழுத்தா பட்டன் வந்துடும். கட்டற டைக்குப் பதில் மாட்டற டை. கயிறு ஷூவுக்குப் பதில் ஒட்டற பட்டை வச்ச கறுப்பு ஷூ. உட்கார்ந்துக்கிட்டே உடுத்தணும். கஷ்டமான கை முதல்ல நுழையணும், கழட்டும்போது கடைசியா வெளியே வரணும்.

மாத்திரை நேரம் முக்கியம். லெவோடோபா நல்லா வேலை செய்யற நேரத்துலதான் உடை மாத்தணும். நோய் முத்தினவங்களுக்குக் கறி, மீன், பருப்புல இருக்கற புரதம் அந்த மருந்து உறிஞ்சப்படறதைக் குறைக்கலாம். அதனால சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போடணும். டின்னர் ரெண்டு பந்தியா நடக்கற கப்பல்கள்ல முதல் பந்தியைக் கேட்டு வாங்கச் சொன்னேன்.

ஆறு வாரம் வீட்ல தினமும் ஒரு தடவை ஒத்திகை.

13.
திரும்பி வந்து சொன்னாங்க.

முதல் ஃபார்மல் ராத்திரி உடுத்த நாற்பது நிமிஷம் ஆச்சாம். கடைசி ரெண்டு பட்டனை மனைவி போட்டாங்க. மத்தது எல்லாம் அவரே. ஹாலுக்குப் போனாங்க. சூப் கொஞ்சம் சட்டையில சிந்திச்சு. யாரும் திரும்பிப் பார்க்கல.

ரெண்டாவது ஃபார்மல் ராத்திரி முடியல. அன்னிக்கு மருந்து சரியா வேலை செய்யல, உடம்பு இறுகிப் போச்சு. சாதாரண சட்டையில பஃபேக்குத்தான் போனார். மனைவி அவர் கூட அதே கவுன்லயே போய் உட்கார்ந்தாங்க. சுத்தி எல்லாரும் டி-ஷர்ட்டுல. "அங்கே நான்தான் டாக்டர் மகாராணி"ன்னு சிரிச்சாங்க.

நோய் குணமாகல. ஆனா அவர் இப்பவும் காலையில சட்டையைத் தானே போட்டுக்கறார். மனைவிக்கு அந்த நேரத்துல ஒரு கப் டீ கிடைக்குது.

14.
வயசான அப்பா அம்மாவைக் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போறவங்களுக்குச் சில குறிப்புகள்:

• காலர் இறுக்கமா வேண்டாம். சில முதியவர்களுக்குக் கழுத்துத் தமனி பக்கத்துல அழுத்தம் பட்டா இதயத்துடிப்பு குறைஞ்சு மயக்கம் வரும். காலருக்குள்ள ரெண்டு விரல் தாராளமா நுழையணும்.

• காந்தம் வச்ச பட்டன் சட்டை கிடைக்குது. பேஸ்மேக்கர் வச்சவங்க அதைத் தொடவே வேண்டாம்.

• ஹை ஹீல்ஸ், வழுக்கற அடி வச்ச ஷூ வேண்டாம். தரை ஆடும். பெரும்பாலான கப்பல் மருத்துவ அறையில எக்ஸ்ரே எடுக்கலாம். இடுப்பெலும்பு உடைஞ்சா ஆபரேஷனுக்குக் கரைக்குத்தான் போகணும்.

• நீளமான சாப்பாடு, கூட ஒரு கிளாஸ் வைன். எழுந்ததும் பிரஷர் இறங்கும். ஒரு நிமிஷம் நின்னுட்டு நடக்கச் சொல்லுங்க.

• சுகர் மாத்திரை, இன்சுலின் போடறவங்க: டிரஸ் பண்ற மும்முரத்துல மருந்தை முன்னாடியே போட்டுட்டு, சாப்பாடு ஒன்பது மணிக்கு வந்தா தாழ்சர்க்கரை ஆயிடும். மருந்தும் தட்டும் சேர்ந்தே வரணும்.

• கடல் குமட்டலுக்கு மாத்திரையை நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. சின்னரிசின், புரோமெத்தசின் போன்றவை பார்க்கின்சனை மோசமாக்கலாம். புரோமெத்தசினும், காதுக்குப் பின்னாடி ஒட்டற ஹையோசின் பட்டையும் புரோஸ்டேட் வீக்கம் இருக்கறவங்களுக்குச் சிறுநீரை அடைக்கலாம். சில வகை கிளாக்கோமாவுக்கும் ஆகாது. முன்கூட்டியே உங்க டாக்டரைக் கேளுங்க.

• டைனிங் ஹால் ஏசி குளிரும். ஒரு சால்வை போதும். கேபின்ல அயர்ன் பாக்ஸ் அனுமதி இல்ல, தீ பயம். கசங்காத துணியா எடுத்துக்கங்க.

15.
கடைசியா, அடிக்கடி வர்ற சண்டை: "லீவுல வந்தவங்களை ஏன் டை கட்டச் சொல்றீங்க? இந்த விதியையே தூக்கிடலாமே?"

என் கருத்து: கதவை மூடற விதி வேண்டாம். அது துணியை வச்சு ஆளை அளக்கற பழைய வேலை. வீல் சேர்ல வர்றவர், வயித்துல ஸ்டோமா பை இருக்கறவர், கை நடுங்கறவர், சூட் வாங்க வசதியில்லாதவர் யாரையும் அது வெளியே நிறுத்தக் கூடாது. அதே மாதிரி, அலங்கரிச்சுக்க ஒரு ராத்திரி இருக்கறதையும் ஒழிக்க வேண்டாம். வாரம் முழுக்க ஆஸ்பத்திரி, மாத்திரை டப்பான்னு இருக்கறவங்களுக்கு, நல்ல துணி எடுத்து உடுத்த ஒரு காரணம் வேண்டியிருக்கு. விதி தளரட்டும். அந்த ராத்திரி இருக்கட்டும்.

16.
கப்பலுக்கு நீங்க போகாம இருக்கலாம். உங்க வீட்ல ஒரு பெரியவர் இருப்பார். நாள் முழுக்கப் பழைய லுங்கி, நைட்டி. "எங்க போகப் போறோம், இது போதும்"னு சொல்வாங்க.

அவங்க தானா கடைசியா எப்ப சட்டை பட்டன் போட்டாங்க, புடவைக் கொசுவம் வச்சாங்கன்னு கவனிச்சீங்களா? திடீர்னு முடியலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. அது வயசு மட்டும் இல்ல, நோயோட முதல் அறிகுறியாவும் இருக்கலாம். மெதுவா முடியாம வருதுன்னா, அவசரப்பட்டு நீங்களே போட்டு விடாதீங்க. பத்து நிமிஷம் கூடுதலா கொடுங்க. பட்டன் கொக்கி விலை ரொம்பக் கம்மிதான்.

அடுத்த விசேஷத்துக்கு அவங்க பீரோவுல மடிச்சு வச்சிருக்கற நல்ல துணியை எடுத்து வெளியே வைங்க. மத்ததை அவங்க பார்த்துப்பாங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. ஓபி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.