நாளை அவன் என்ன செய்வான்?

எங்கள் மூத்த மகன் பேசத் தாமதித்தபோது, "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்" என்று ஊர்ப் பெரியவர்கள் ஆறுதல் கூறினார்கள். மூன்றாம் வயதில் அவனுக்கு ஆட்டிசம் என்பது உறுதியாயிற்று. கணவரின் பணி நிமித்தம் காயல்பட்டினத்திலிருந்து அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் குடியேறியிருந்த எங்களுக்கு, அந்நாட்டின் சிறப்புக் கல்விச் சட்டம் பெருந்துணையாக அமைந்தது. அச்சட்டத்தின்படி, சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் ஒன்றைப் பள்ளி எழுதித் தரவேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதைப் பெற்றோருடன் அமர்ந்து திருத்தவேண்டும். ஐ.இ.பி. என்பது அதன் சுருக்கப் பெயர்.

பிள்ளை வளர்ந்ததும் அத்திட்டத்தில் புதிய பகுதி ஒன்று சேர்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்தபின் மேற்படிப்பா, வேலையா, எவ்வளவு தூரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்பதற்கெல்லாம் முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் பகுதி அது. அடிக்கடி மாறியவை அப்பகுதிக்கான விதிகள்தாம். 16 வயதுக்குள் இந்த ஆயத்தம் தொடங்கவேண்டும் என்றது 1990ஆம் ஆண்டின் திருத்தம். 1997இல் அது 14 ஆயிற்று. 2004இல் மத்திய சட்டம் மீண்டும் 16க்கே திரும்பியது. முன்னதாகத் தொடங்க விரும்பும் மாநிலங்களைத் தடுக்கவில்லை. நியூஜெர்சி 14 வயதையே வைத்துக்கொண்டது.

இந்த வரலாறு ஒன்றும் அன்று எனக்குத் தெரியாது. வேறொரு மாநிலத்தில் வாழ்ந்த தோழி, தன் மகளுக்காகச் சேர்த்த குறிப்புகளை அன்போடு எனக்குப் படியெடுத்துத் தந்திருந்தார். அதில் 16 என்று இருந்தது. இன்னும் காலம் இருக்கிறது என்று நான் கவலையற்றிருந்தேன். ஆகவே 2014இல், மகனுக்கு 14 நிறைந்தபோது பள்ளியிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தை நான் சரியாகப் படிக்கவில்லை. அக்கடிதம் அவனையும் கூட்டத்திற்கு அழைத்திருந்தது. அவனுக்கு என்ன புரியும் என்று எண்ணி வீட்டிலேயே விட்டுச் சென்றேன். "பிற்காலத்தில் உங்கள் மகன் என்ன செய்ய விரும்புகிறான்?" என்று கேட்டார்கள். "கணிப்பொறித் துறை" என்று நானே விடை கூறினேன். அது என் விருப்பம். எதிர்காலத் திட்டம் பிள்ளையின் விருப்பத்தையும் நாட்டத்தையும் தழுவி அமையவேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் சட்டத்தை மீறியது பள்ளியன்று, தாயாகிய நான்தான்.

மறு ஆண்டு அவனையும் அழைத்துச் சென்றேன். அதே கேள்வியை அவனிடமே கேட்டார்கள். நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், என் பக்கம் திரும்பி, "உம்மா, புத்தகம் அடுக்குறேன்" என்றான். அந்த மூன்று சொற்கள் என் ஓராண்டுக் கனவைக் கலைத்தன. அவனுடைய வாழ்வு திறந்ததும் அந்தச் சொற்களால்தான். வாரம் இரு நாள் நூலகத்தில் பயிற்சி என்று திட்டத்தில் எழுதினார்கள். பேருந்தில் தனியே செல்லவும் பழக்கினார்கள். அன்று முதல் குறிப்பேடு ஒன்றில் அவன் செய்ததையும் செய்ய இயலாததையும் தேதியிட்டு எழுதலானேன்.

2018இல் அவனுக்கு 18 வயது நிறைந்தது. அதுவரை பெற்றோருக்கு இருந்த கல்வி உரிமைகள் பிள்ளையின் கைக்கு மாறும் வயது அது. திட்டத்தின் அடியில் அவனே ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் கையொப்பமிட்டான். உடன் பயின்றவர்கள் அவ்வாண்டு பட்டச் சான்றிதழ் பெற்றார்கள். வழக்கமான சான்றிதழை ஏற்றுக்கொண்டால் சிறப்புக் கல்விக்கான உரிமை அன்றோடு முடிந்துவிடும். ஆகவே அவன் விழா மேடையில் ஏறி மகிழ்ந்தான். சான்றிதழை மட்டும் ஒத்திவைத்தோம். "இன்னுமா பிள்ளை பள்ளிக்கூடம் போறான்?" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்ட உறவினர்களுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. நூலகம் மூடப்பட்டது, பேருந்துப் பயிற்சி நின்றது. ஆறு ஆண்டுகளாகக் கற்றவை ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. 2021 பிப்ரவரியில் அவனுக்கு 21 நிறைந்தது. அக்கல்வியாண்டு முடியும் ஜூன் மாதத்தோடு பள்ளியின் பொறுப்பும் தீரும் என்பதே அன்றைய விதி. விடைபெறும் தாள்களும் ஆயத்தமாகிவிட்டன.

அந்த ஜூன் மாதத்தில், 16ஆம் நாள், நியூஜெர்சி ஆளுநர் ஒரு புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார். 2020-21 முதல் 2022-23 வரையிலான மூன்று கல்வியாண்டுகளில் 21 வயது நிறையும் மாணவர்களுக்கு மேலும் ஓராண்டு சிறப்புக் கல்வி வழங்க அது வழி செய்தது. ஆயினும் அந்த ஓராண்டு தானாகக் கிடைப்பதன்று. பிள்ளைக்கு அது தேவை என்று பெற்றோரும் பள்ளிக் குழுவும் முடிவு செய்யவேண்டும்.

செய்தியறிந்த அன்றே கூட்டம் கோரிக் கடிதம் எழுதினேன். கூட்டத்தில் நான் கண்ணீர் விடவுமில்லை, வாதாடவுமில்லை. குறிப்பேட்டைத் திறந்து வைத்தேன். 2020 பிப்ரவரியில் துணையின்றிப் பேருந்தில் சென்று வந்தவன், 2021 மே மாதம் பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதது வரை எல்லாம் தேதியோடு இருந்தன. படித்துப் பார்த்தவர்கள் மறுத்துப் பேசவில்லை. ஓராண்டு கிடைத்தது. 2022 ஜூனில் பள்ளியை விட்டு வெளியேறியபோது, பேருந்தில் தனியே செல்லும் திறனை அவன் மீண்டும் பெற்றிருந்தான்.

இன்று வாரத்தில் மூன்று நாள் ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறான். ஊதியம் சிறிது, அதை என் கையில் கொடுக்கும்போது அவன் முகத்தில் தோன்றும் பெருமிதம் பெரிது.

இத்தகைய பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகள் என்னிடம் வழி கேட்கும்போது நான் சொல்வது இதுதான்: யார் எந்த விதியைச் சொன்னாலும், அது எந்த மாநிலத்தின் விதி, எந்த ஆண்டின் விதி என்று கேளுங்கள். பள்ளி ஒன்றைச் செய்ய மறுத்தால், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் தரக் கோருங்கள். அப்படித் தருவது அவர்களின் கடமை. வயது வரம்பு நாளை மறுபடியும் மாறலாம். உங்கள் கையால் தேதியிட்டு எழுதிய குறிப்பு மாறாது. எந்தப் புதிய விதி வந்தாலும் அதன்முன் எடுத்து வைக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, நாளை என்ன செய்ய விரும்புகிறாய் என்று பிள்ளையிடமே கேளுங்கள். விடை வரத் தாமதமாகலாம். நான் ஓராண்டைத் தவறவிட்டேன். நீங்கள் காத்திருந்து கேளுங்கள்.