உள்ளே விட்ட துணி

தைப்பவரின் கைத்திறன் தெரிய வேண்டுமென்றால் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். கழுத்து வளைவு, பைப்பிங், முதுகில் ஆடும் குஞ்சம் எல்லாம் ஊர் பார்ப்பதற்கு. உள்ளே விலா ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குள் மூன்று தையல்கள் பக்கம்பக்கமாக ஓடும். மூன்றாவதற்கு அப்பாலும் கொஞ்சம் துணி வேலையில்லாமல் மடிந்து கிடக்கும். கொக்கிலமேட்டில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கும் ஓர் அக்கா இதை எனக்கு விரித்துக் காட்டினார்.

"மொதத் தையல் இப்பப் போட்டுக்க. ஒடம்பு போட்டுச்சுன்னா அதப் பிரிச்சு வுட்டா ரெண்டாவதுல நிக்கும். மூணாவது, புள்ள பொறந்தப்புறம். ரெடிமேட்ல இந்த மாதிரி பாத்திருக்கியாம்மா?"

பார்த்ததில்லை. ரெடிமேட் உடுப்பில் ஓவர்லாக் முடிகிற இடத்திலேயே துணியும் முடிந்துவிடும். லூசாக இருந்தால் பிடிக்கலாம். இறுக்கமாக இருந்தால் பிரிக்க வழியில்லை. ஒரு உருப்படிக்கு அரை அங்குலம் கூடுதலாக விட்டால் பத்தாயிரம் உருப்படிக்கு எவ்வளவு துணி போகும் என்று பார்ப்பது கம்பெனிக் கணக்கு. இந்த உடம்பு இன்னும் பத்து வருஷத்தில் எப்படி இருக்கும் என்று பார்ப்பது வீட்டுக் கணக்கு.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து, அங்கிருந்து தெற்கே போனால் கொக்கிலமேடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். நடுவில் மணலும் வீடுகளும் கவிழ்த்து வைத்த ஃபைபர் படகுகளும். போகிற வழியில் மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குள் நுழைந்து பார்த்தேன். சிங்கத்தின் மேல் வில்லேந்தி வரும் துர்க்கையின் மார்பில் கச்சை இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி உடுத்திவிட்டவர்களில் தைத்த துணி போட்டவர் என்று என் கண்ணுக்கு ஒருவரும் படவில்லை. எல்லாம் கட்டு, சுற்று, செருகல். கட்டிக்கொள்கிற துணிக்கு அளவு தேவையில்லை. உடம்பு மாறினால் முடிச்சு நகரும், அவ்வளவுதான். தைத்த துணி வந்த பிறகுதான் இந்த மூன்று தையல் ஏற்பாடெல்லாம் தேவைப்பட்டது.

அக்காவின் மெஷின் கால்மிதி மெஷின். மோட்டார் வைத்திருக்கிறார், கரண்ட் பில்லுக்காகவும் பழக்கத்துக்காகவும் பெரும்பாலும் மிதிக்கத்தான் செய்கிறார். ஜன்னல் கடலைப் பார்த்து இருந்தாலும் மெஷின் எதிர்ச்சுவர் ஓரம்தான். உப்புக்காற்று ஷட்டிலையும் ஊசியையும் தின்றுவிடுமாம். மாற்று ஊசிகளை எண்ணெய்த் துணியில் சுருட்டி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். தைத்து முடித்ததும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய், மேலே பழைய பாவாடைத் துணியால் ஒரு மூடி. பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் செய்தார்.

1924இல் இயந்திரங்களைப் பற்றிக் கேட்ட ஓர் இளைஞரிடம் காந்தி, உருப்படியான கண்டுபிடிப்புகள் சிலவற்றில் ஒன்று என்று சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்து அல்லாடுவதைப் பார்த்த அன்பில் சிங்கர் இதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம். ஐசக் சிங்கரின் வாழ்க்கையைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பல குடும்பங்கள், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்று போகும் கதை அது. ஆனாலும் மெஷினைப் பற்றிய கணிப்பு தப்பில்லை. வீட்டுக்குள் நின்று, வீட்டுக்காரியின் காலுக்குக் கட்டுப்பட்டு ஓடுகிற இயந்திரங்கள் அதிகம் இல்லை.

அக்கா துணி வெட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாடிக்கைக்காரர் அளவு ஜாக்கெட் ஒன்று கொடுத்திருந்தார். நம் ஊரில் டேப் பிடித்து அளவெடுப்பதைவிட, நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து 'இதே மாதிரி' என்பதுதான் வழக்கம். அந்த 'இதே மாதிரி'யோடு 'கை மட்டும் ரெண்டு விரல் இறக்கம், கழுத்து கொஞ்சம் ஏத்தம்' என்று திருத்தங்களும் சேர்ந்து வரும். அக்கா துணியை நாலாக மடித்தார். அளவு ஜாக்கெட்டைப் பாதியாக மடித்து மேலே வைத்தார். சாக்கால் தோள், கைக்குழி, விலா என்று கோடு இழுத்தார். விலாக் கோட்டுக்கு வெளியே கட்டைவிரலை வைத்து இன்னொரு கோடு. அந்தக் கட்டைவிரல் அகலம்தான் உள்ளே போகிற துணி.

முன்பக்கத்துக்கு வந்தபோது துணியையே திருப்பிக் கோணலாகப் போட்டார். கிராஸ் கட். பாவும் ஊடையும் குறுக்கே 45 பாகையில் நிற்கும்படி வெட்டினால், இழுத்தால் விரியாத பருத்தித் துணியும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மார்பின் வளைவில் சுருக்கமில்லாமல் உட்காரும். துணி கூடுதலாகப் பிடிக்கும். ஜாக்கெட் பிட் சரியாக அளந்து வந்திருந்தால் கிராஸ் கட்டுக்குப் போதாமல் கைக்கு ஒட்டுப்போட நேரும். "ஒட்டு அக்குள் பக்கம் வந்துடணும். வெளில தெரிஞ்சா நான் தைக்கலன்னு அர்த்தம்" என்றார்.

நைட்டி, சுடிதார், பிள்ளைகளின் கவுன் எல்லாம் கடைக்குப் போய்விட்டன. அரை நூற்றாண்டுக்கு முன் வீட்டு மெஷினில் பிறந்தவை இவை. ஜாக்கெட் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய, ஆனால் நீட்சியில்லாத துணியில் தைக்க வேண்டிய உடுப்பு அது. எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று எழுதி மாட்டினால் ஆகாது. இப்போது பனியன் துணி மாதிரி இழுபடும் ஸ்ட்ரெட்ச் ஜாக்கெட்டுகள் வந்திருக்கின்றன. கல்லூரிப் பெண்கள் வாங்குகிறார்கள். அக்காவுக்கு அதன் மேல் பெரிய மரியாதை இல்லை. எனக்குமில்லை. ஆனால் விலையும் வசதியும் அதன் பக்கம் இருக்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் வீட்டுத் தையலுக்கு இன்னொரு முகம் உண்டு, பள்ளிச் சீருடை. சத்துணவு சாப்பிடும் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு 2012-13 முதல் ஆண்டுக்கு 4 ஜோடி கொடுக்கிறது. அதைத் தைப்பது சமூக நலத் துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். வெட்டிய துணிக் கட்டை வாங்கிப்போய் வீட்டில் தைத்து, காஜா எடுத்து, பட்டன் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அதே கால்மிதி மெஷின், அதே அடுப்படி ஓரம். ஒரே வேற்றுமை, வெட்டு இவர்களுடையது அல்ல. சட்டை யாருக்குப் போகிறது என்று தைப்பவருக்குத் தெரியாது; பிள்ளையும் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும். சீருடை வீட்டுக்கு வந்ததும் அம்மாவோ அத்தையோ, இல்லை கொக்கிலமேட்டு அக்கா மாதிரி ஒருவரோ மறுபடியும் பிரித்து உட்காருகிறார்கள். கால்சட்டை இடுப்பில் ஒரு பிடி பிடித்து, கீழே மடிப்பை இறக்கி, தோளை ஏற்றி. ஜூன் மாதம் அக்காவுக்கு வேறு வேலையே நடக்காதாம்.

முன்பெல்லாம் பட்டுப் பாவாடையின் அடியில் இரண்டு மூன்று டக் பிடித்திருப்பார்கள். பெண் வளர வளரத் தீபாவளிக்கு ஒரு டக்காகப் பிரித்து இறக்குவார்கள். பிரித்த இடத்தில் சாயம் மங்காத பட்டு ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகளை எண்ணினால் பாவாடையின் வயது கிடைக்கும்.

துணியை விட்டுப் பிடிக்கும் இந்தக் கணக்கு மெஷின் இருக்கும் அறையோடு நிற்கவில்லை. வெளியே கொட்டகை நிழலில் ஒரு பெரியவர் வலை கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நைலான் வலை மூட்டையாகக் கிடந்தது. மில்லில் இருந்து வருவது வெறும் கண்ணிதான். அதை அப்படியே கடலில் போட்டால் சுருண்டு கயிறாகிவிடும். மேலே மிதவைக் கயிறு, கீழே ஈயக் கயிறு, இரண்டிலும் கண்ணிகளைக் கோர்த்துக் கட்டினால்தான் அது வலை. அந்தக் கட்டில்தான் விஷயமே இருக்கிறது.

"நூறு மீட்டர் வலைய நூறு மீட்டர் கயித்துல கட்டுவியா?" என்று என்னையே கேட்டார். நான் முழித்ததும், "பாதிம்மா. அம்பது மீட்டர் கயித்துல நூறு மீட்டரச் சுருக்கணும். அப்பதான் கண்ணு தொறக்கும்" என்றார்.

இழுத்துப் பிடித்த வலையில் கண்ணி ஒரு கோடாக மூடிக்கிடக்கும். பாதி நீளத்துக்குச் சுருக்கினால் நின்ற வாக்கில் சாய்சதுரமாகத் திறக்கும், மீன் தலையை நுழைக்கும், செவுள் மாட்டும். கயிற்றைச் சற்று நீளமாக விட்டுச் சுருக்கத்தைக் குறைத்தால் கண்ணி அகலும், வலையின் உயரம் குறையும். நண்டு வலைக்கு நேர்மாறு; சுருக்கத்தை இன்னும் கூட்டித் தொய்வாக விடுவார்கள், கால் சிக்கிச் சுற்றிக்கொள்வதற்காக. எந்த மீனுக்கு எவ்வளவு தொய்வு என்பது மில்லுக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் இல்லை. பெரியவர் கயிற்றில் ஒரு சாண் வைத்து, அதற்குள் இத்தனை கண்ணி என்று வலை ஊசியால் கோர்த்து முடிந்துகொண்டே போனார். உள்ளே அக்கா பாவாடை இடுப்புக்கு இரண்டு பங்கு துணியைச் சுருக்கிப் பட்டிக்குள் ஏற்றுவதும் இதே கணக்கு. கண்ணிக்குப் போடும் முடிச்சும் நெசவாளி அறுந்த பாவு நூலை இணைக்கிற முடிச்சும் ஒன்றேதான்.

பருத்தி நூலில் வலை முடைந்த காலத்தில் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்து உலர்த்துவார்களாம். இல்லையென்றால் உப்பும் ஈரமும் சேர்ந்து உளுத்துவிடும். நைலான் வந்ததும் அந்த வேலை போயிற்று, கண்ணி முடைகிற வேலையும் போயிற்று. கட்டுகிற வேலையும் கிழிசல் சேர்க்கிற வேலையும் மட்டும் கையில் நிற்கின்றன.

கம்பளி பின்னுபவர்கள் இந்த வெயிலில் எங்கே இருப்பார்கள் என்று நினைத்தால் அது தப்பு. குரோஷா ஊசி இந்தப் பக்கம் பல வீடுகளில் உண்டு. டிவிக்கு மூடி, வாசலுக்குத் தோரணம், பேத்திக்குத் தொப்பி. சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டரில் கம்பளிப் போர்வை பின்னிக் கின்னஸில் ஏறியது. போர்வைக்கு ஆகாத ஊரில் உலகிலேயே பெரிய குரோஷாப் போர்வை! ஆனால் இங்கே பின்னலின் நிஜமான வாழ்வு ஒயர் கூடையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நெல்லிக்காய் முடி, சிவன் கண், பிஸ்கட் முடி என்று பின்னலில் பல வகை. பக்கத்து வீட்டுப் பாட்டி சிவன் கண் போட்டுக்கொண்டிருந்தார். விலை கேட்டேன், விற்பதற்கில்லை, மகள் வீட்டுச் சீருக்கு என்று முடித்துவிட்டார். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு கூடைக்கு மறுபடி கொஞ்சம் மதிப்பு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்ததும் சுயஉதவிக் குழுக்களுக்குத் துணிப்பை ஆர்டர்களும் வந்தன. தையல் பழகுகிறவளுக்கு மஞ்சப்பையைவிட நல்ல பாடம் கிடையாது. நான்கு நேர்த்தையல், இரண்டு காது.

வெட்டுத்துண்டுகளை அக்கா வீணாக்குவதில்லை. பட்டிக்கு, ஒட்டுக்கு, தலையணை உறைக்குள் அடைக்க. இதே கடற்கரையில் தெற்கே, ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்களைக் கொண்டு இப்படிப்பட்ட துண்டுகளில் 'சுனாமிகா' என்ற விரல் நீளப் பொம்மைகள் செய்யவைத்தது. பொம்மைக்கு விலை கிடையாது, சும்மா கொடுப்பது. விரும்பியவர்கள் நன்கொடை தரலாம், அதிலிருந்து செய்தவர்களுக்குக் கூலி. நல்ல யோசனைதான். ஆனால் அக்காவின் தொழில் அப்படி நடக்க முடியாது.

நான் இருக்கும்போதே ஒரு பெண் ரெடிமேட் குர்தி ஒன்றை ஷாலோடு கொண்டுவந்தாள். விலாவில் இறுக்கம், பிரித்துக் கொடுக்க வேண்டும். அக்கா திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. ஷாலிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, அக்குளிலிருந்து இடுப்புவரை ஒட்டுக் கொடுத்தால் சரியாகும் என்றார். புதிதாக ஒன்று தைப்பதைவிட அதிக வேலை: ஓவர்லாக்கைப் பிரிக்க வேண்டும், கைக்குழியைத் திறந்து மூட வேண்டும், ஒட்டு டிசைன்போல் தெரியும்படி நிற்க வேண்டும்.

"எவ்ளோக்கா?"

அக்கா சொன்ன தொகை செங்கல்பட்டுக் கடையில் ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்குக் கேட்பதில் கால்வாசிகூட வராது. அதற்கே அந்தப் பெண், "பிரிச்சுத் தைக்கறதுக்கா இவ்ளோ?" என்றாள்.

"தச்சுக் குடுத்தா துட்டு குடுப்பாங்க. பிரிச்சுக் குடுத்தா சும்மான்னு நெனப்பாங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவளிடம் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.