மலைக்கு ஒரு கணக்கு, ஓடைக்கு ஒரு கணக்கு

திருவண்ணாமலையில் கிரிவலம் வருபவர்கள் 14 கிலோமீட்டரும் மலையைப் பார்த்தபடி நடப்பார்கள். இந்த முறை நான் மலையைவிட அதிலிருந்து இறங்கும் ஓடைகளைத்தான் அதிகம் பார்த்தேன். காரணம், 2024 டிசம்பர் 1.

முந்தைய நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்திருந்தது. விடாத மழையில், அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் வந்து மண்ணை ஆராய்ந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்கு மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்லை.

இப்படிச் சரியக்கூடிய இடங்களை முன்கூட்டியே காட்டும் கணினிக் கணக்குகள் இருக்கின்றன. முறை எளிதுதான். மலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரம், சரிவு, மண்ணின் ஆழம், மரங்களின் வேர்ப்பிடிப்பு ஆகியவற்றைக் கொடுக்கிறார்கள். பிறகு கணினியில் மழை பெய்யவிடுகிறார்கள். ஒரு கட்டத்துத் தண்ணீர் பக்கத்தில் எது அதிகப் பள்ளமோ அங்கே போகும். மண் ஊறி, துகள்களுக்கு இடையே நீர் நிறைந்ததும் உராய்வு குறையும். மண்ணின் எடை பிடிமானத்தை மிஞ்சினால் அந்தக் கட்டம் சிவப்பாகும். மழைக்காலத்தில் எந்த வரப்பு உடையும் என்று நாம் மனதுக்குள் போடும் கணக்கும் இதுதான்.

குறை எங்கே வருகிறது? இஸ்ரோவின் புவன் தளத்தில் உயர வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். அதற்குள் ஒரு வீடு, அதன் பின்னால் வெட்டிய மண்மேடு, அடைத்துப்போன வாய்க்கால் எல்லாமே அடங்கிவிடும். கணினிக்கு அவை எதுவும் தெரியாது. மனிதன் மலைக்குச் செய்த மாற்றங்களையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வரும். அவற்றைச் சொல்ல அந்த ஊர்க்காரர்களால்தான் முடியும்.

நல்ல மாற்றமும் உண்டு. சில பத்தாண்டுகளுக்கு முன் மொட்டையாகக் கிடந்த இம்மலையில் தன்னார்வலர்கள் மரம் நட்டு, தீயிலிருந்து காத்து வருகிறார்கள். கணக்கில் அது வேர்ப்பிடிப்பாகச் சேரும். ஆனால், வேர் எட்டாத ஆழத்தில் மண் நகர்ந்தாலோ பாறை உருண்டாலோ மரம் மட்டும் காப்பாற்றாது. அடிவாரத்தில் நீர் போக வழி வேண்டும். அந்த வழியில் வீடு இருக்கக் கூடாது.

மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நடந்து, பழைய ஓடைகள் போன வழியைக் கிராம வரைபடத்தில் குறித்து வையுங்கள். எந்த வருட மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதையும் எழுதுங்கள். நாளைக்கு யாராவது கணினியோடு வந்து கேட்டால், அந்தத் தாள்தான் முதலில் தேவைப்படும்.