மூன்று மில்லி கரைசல்

இரவு பத்து மணி. ஹைதராபாத் இ.சி.ஐ.எல். பகுதியில் இருக்கிறது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பலூன் தளம். ஆடி மாதத்துத் தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. உள்ளே என் நண்பரின் மகள் சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பொட்டாசியம் அயோடைடு கரைசலை 3 மில்லி அளந்துகொண்டிருந்தாள்.

"இப்ப பேசாதீங்க மாமா."

வளிமண்டல அறிவியலில் டாக்டர் பட்டம் முடித்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் போஸ்ட் டாக் ஆக வந்தவள். இது இரண்டாவது மழைக்காலம்.

அவள் கையிலிருந்தது ஓசோன் அளக்கும் கருவி. ஒரு சிறிய டெஃப்லான் பம்ப் காற்றை இழுத்துக் கரைசலுக்குள் குமிழவிடுகிறது. ஒரு ஓசோன் மூலக்கூறு அயோடைடோடு சேர்ந்தால் இரண்டு எலக்ட்ரான்கள் நகரும். அந்த மெல்லிய மின்னோட்டத்திலிருந்துதான் ஓசோனைக் கணக்கிடுகிறார்கள். பம்ப் 100 மில்லி காற்றை எத்தனை நொடியில் இழுக்கிறது என்பதை, கண்ணாடிக் குழாயில் சோப்புக் குமிழி ஏறுவதைப் பார்த்து அவள் குறித்தாள். முப்பது நொடிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் அரை நொடி தவறினால் முழுப் பயணத்தின் அளவும் ஏறத்தாழ 2 சதவீதம் பிசகும். ஐந்து முறை குறித்தாள். இந்தக் கருவியைத் தயார்செய்யும் வேலை நான்கு நாட்களுக்கு முன்பே தொடங்கிவிட்டதாம்.

பக்கத்தில் தெர்மாகோல் பெட்டிக்குள் இன்னொரு கருவி. நீலமும் அகச்சிவப்புமாக இரண்டு விளக்குகள். துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியை அது அளக்கிறது. வெயிலில் அந்த ஒளி காணாமல் போய்விடும் என்பதால் இரவில்தான் பறக்கவிட முடியும்.

அவள் தேடும் துகள் படலம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆசியாவுக்கு மேலே, 13 முதல் 18 கிலோமீட்டர் உயரத்தில் பரவுகிறது. கலிப்சோ செயற்கைக்கோள் தந்த தரவிலிருந்து 2011இல்தான் அது தெரியவந்தது. பெரிய மழை மேகங்கள் நம் புகையையும் வாயுக்களையும் உறிஞ்சி மேலே தள்ளுகின்றன. 2017இல் காட்மாண்டுவிலிருந்து பறந்த கியோபிசிகா ஆய்வு விமானம் அந்த உயரத்திலேயே அளந்து பார்த்தது. படலத்தில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. அதிலுள்ள அம்மோனியா பெரும்பாலும் உரமிட்ட வயல்களிலிருந்தும் மாட்டுக் கொட்டில்களிலிருந்தும் எழுவது. இங்கிருந்து ஏறும் பலூன்களும் இந்தப் படலத்தைத் தேடிப் போகின்றன.

நள்ளிரவுக்குப் பின் ஹைட்ரஜன் கொட்டகைக்குப் போனோம். செல்போனுக்கு அனுமதியில்லை, நைலான் சட்டையும் கூடாது. பலூனில் வாயு நிரப்புகிறவரை எல்லோரும் 'அன்னகாரு', தெலுங்கில் அண்ணன், என்று கூப்பிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. பால்நிற ரப்பரை மெல்லிய கையுறையோடு, குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்குவதுபோலத்தான் தொட்டார். பலூனின் கழுத்தில் எடைக்கற்கள் தொங்கின. அவற்றை அது எப்போது மெல்லத் தூக்குகிறதோ அப்போது வாயு போதும். அவர் அளவைப் பார்ப்பதற்கு முன்பே காது கொடுத்துச் சீறலைக் கேட்டார். "சாலு" என்றார். தெலுங்கில் 'போதும்'. நம் 'சாலும்' என்ற சொல்லின் உறவு அது. அந்த இருட்டில் கேட்க நன்றாயிருந்தது. கழுத்தை நூலால் கட்டி, மடித்து, மறுபடி கட்டினார்.

விமானக் கட்டுப்பாட்டு அறை அனுமதி தந்ததும் விட்டார்கள். பலூன், பாராசூட், நீண்ட நூல், கடைசியில் பெட்டி. கண்சிமிட்டும் நேரத்தில் மேகத்துக்குள் போய்விட்டது.

திரையில் பார்த்தோம். முதலில் கிழக்கே, வாரங்கல் பக்கம் நகர்ந்தது. மேலே போகப்போகத் தயங்கி, மேற்கே திரும்பியது. அந்த உயரத்தில் மழைக்காலத்தில் மட்டும் கீழைக்காற்று ஆறாக ஓடுகிறது. அதை 1950களில் கண்டு சொன்னவர் நம் நாட்டு வானிலையாளர் பி. கோடீஸ்வரம். ஐம்பது நிமிடத்தில் 15 கிலோமீட்டர். வெப்பநிலை மைனஸ் எழுபதைத் தாண்டியது. துகள் கோடு புடைக்கத் தொடங்கியது. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அன்னகாருவும் வந்து பின்னால் நின்றார்.

"போன வருஷம் இதே உயரத்துல பம்ப் நின்னுடுச்சு மாமா. ராத்திரி பூரா அழுதேன்."

மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. சோப்புக் குமிழியைப் பார்க்கப் பழகிய கண்ணும், கரைசலை நடுங்காமல் ஊற்றும் விரலும் வேறெங்கோ வேலை தேடிப் போகும். வருகிறவர் முதலிலிருந்து கற்க வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் கூடிய கைத்திறனை இரண்டு வருடத்துக்கொருமுறை கலைத்துவிடுவது பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன். அவள் ஒரு நீளக் கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறாள், வரப்போகிறவருக்காக. எந்தப் பம்ப் எந்த நாளில் என்ன சத்தம் போட்டது என்பதுவரை.

மறுநாள் பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தது. மேற்கே பருத்திக்காட்டில் பெட்டி விழுந்திருந்தது. 'அறிவியல் கருவி, ஆபத்தில்லை' என்று தெலுங்கில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு விவசாயி அழைத்திருந்தார். நூலை மாடு தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அதெல்லாம் பத்திரம், மழை வருகிறதே என்று பெட்டியை யூரியாச் சாக்கில் சுற்றிக் கொட்டிலில் வைத்திருக்கிறேன் என்றார் அவர்.