பழைய எண், புதிய எண்

நண்பர் மகன் ஒருவன் விமானப் பராமரிப்பில் எஞ்சினியராக இருக்கிறான். போன வாரம் போன் செய்தான். "மாமா, ஒரு பழைய டகோட்டா விமானத்தோட டிராயிங் வந்திருக்கு. இறக்கையில ஒரு சின்ன பாகம் புதுசா செய்யணும். 24எஸ்-டின்னு போட்டிருக்கு. அந்தப் பேர்ல தகடு இப்ப எங்கேயும் கிடைக்கலையே?"

டகோட்டா முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் அல்கோவா கம்பெனி தன் அலுமினியக் கலவைகளுக்கு 17எஸ், 24எஸ் என்று பெயர் வைத்திருந்தது. 1954இல் எல்லாவற்றையும் நான்கு இலக்கமாக மாற்றினார்கள். 24எஸ் 2024 ஆனது, 75எஸ் 7075 ஆனது. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆன மாதிரிதான். ரோடு அதே ரோடு.

ஆனால் எல்லாப் பெயரும் இப்படி நேராக வராது. 2எஸ் என்பது 1100. ஏ17எஸ் ரிவெட் 2017 அல்ல, 2117. இதை எப்போது வேண்டுமானாலும் எடுத்து அடிக்கலாம். 17எஸ் ரிவெட்டையோ சூடுபடுத்தித் தண்ணீரில் முக்கி எடுத்தால் சீக்கிரம் அடித்து முடிக்க வேண்டும். இல்லையென்றால் தானாகவே இறுகிவிடும். அதனால் ஐஸ் பெட்டியில் வைத்திருப்போம். சாப்பாட்டு டப்பாவை அதில் வைத்துத் திட்டு வாங்கியவர்களும் உண்டு.

எனக்குப் பாடம் கிடைத்தது 1969இல். அப்போது நான் வேலைக்குப் புதுசு. ஒரு டகோட்டா இறக்கையின் அடிப்பக்கத் தகட்டில் ஒட்டு போட வேண்டியிருந்தது. டிராயிங்கில் 24எஸ்-டி. ஸ்டோர்ஸில் அந்தத் தடிப்பில் 2024 இல்லை, 7075-டி6 இருந்தது. புத்தகத்தைப் பார்த்தேன். இழுவிசை வலு 7075க்குத்தான் அதிகம். வலு கூடினால் நல்லதுதானே என்று தகட்டை வெட்டி, ஓரத்தை ராவி, துளைக்கு அடையாளமும் போட்டுவிட்டேன்.

எங்கள் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். கத்தவில்லை. இரண்டு தகட்டிலும் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிவரச் சொன்னார். இரண்டையும் ஒரே அச்சில் வைத்து ஒரே அளவு வளைத்தார். 2024 வளைந்தது. 7075இன் வெளிப்பக்கம் முடி மாதிரி விரிசல் விட்டது.

"தம்பி, பறக்கும்போது இறக்கையோட அடிப்பக்கம் இழுபடும். ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் இழுபடும். ஒரே தடவையில எவ்வளவு தாங்கும்னு நீ பார்த்திருக்கே. விரிசல் வந்தா அது எவ்வளவு மெதுவா நகரும்னு நான் பார்க்கணும். 24 மெதுவா நகரவிடும், நம்ம கண்ணுல படும். 75 அவ்வளவு பொறுக்காது."

ஒட்டைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டார். சரியான தகடு வரும்வரை பத்து நாள் விமானம் ஹேங்கரிலேயே கிடந்தது. மேலே இருந்தவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார், என் பெயரை எடுக்கவில்லை. அவர் அன்று பார்க்காமல் போயிருந்தால் அந்த ஒட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டிருப்பேன். அப்புறம் யாருக்கும் தெரிந்திருக்காது. வெட்டிய துண்டில் முத்திரை இல்லையென்றால் எது எதுவென்று கண்ணால் சொல்லவே முடியாது. காஸ்டிக் சோடா ஒரு சொட்டு விட்டாலும் இரண்டுமே கறுக்கும், இரண்டிலும் செம்பு இருக்கிறதே.

பிரிட்டிஷ் டிராயிங் என்றால் இன்னும் தலைவலி. அதில் எல்72 என்று இருக்கும். "எல்லாம் டியூரலுமின்தான், 2024 போடு" என்பார்கள். எல்72 உண்மையில் 2014க்கு நெருங்கிய உறவு. 2024க்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான்.

இதையெல்லாம் சொன்னதும் பையன், "அப்ப 2024-டி3 வாங்கிடறேன் மாமா" என்றான். இங்கேதான் நம்ம சென்னை வீட்டுக் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு போட்டிருக்குமே, அந்தக் குழப்பம். அந்தக் காலத்து ஒற்றை 'டி' இன்று பல கதவாகப் பிரிந்துவிட்டது. ஆலையிலேயே சூடுபடுத்தி, குளிரவைத்து, கொஞ்சம் நீட்டி அனுப்பினால் அது டி3. மிருதுவான 'ஓ' நிலையில் வாங்கி, வேண்டிய வடிவத்துக்கு வளைத்து, பிறகு நாமே சூடுபடுத்தினால் டி42. கலவை ஒன்றுதான். ஆனால் வளைந்தது நிமிராமல் போகிற அளவு டி42இல் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும்.

"பாகத்தில் மடிப்பு இருக்கா? டிராயிங் ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு இருக்கும், படி. படித்துவிட்டு, அனுமதி கொடுக்க வேண்டியவரிடம் எழுத்தில் வாங்கு. நான் சொன்னேன் என்று எதையும் வெட்டாதே" என்றேன்.

அரை மணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டான். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"மாமா, இருக்கு. 'ஓ'வில் வளைத்து அப்புறம் சூடுபடுத்தணும்னு போட்டிருக்கு. டி3 தகட்டுக்கு ஆர்டர் கொடுத்துட்டேனே."

"இன்னும் அனுப்பலைன்னா நிறுத்து" என்றேன்.