பெரிய திரையும் அரக்குப் புடவையும்

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் கல்லூரியில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் உங்களைக் காப்பாற்றிவிட்டேன். அதற்குப் பதிலாக நான் லேப்டாப் வாங்கிய கதையைச் சொல்கிறேன். 'இதெல்லாம் ஒரு கதையா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு பெண்ணின் கல்யாண ஆல்பத்தைக் கெடுத்த பிறகு வாங்கிய லேப்டாப் அது.

முதலாமாண்டிலிருந்தே எங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்றில் பகுதி நேரமாக ஆல்பம் வேலை செய்கிறேன். பரீட்சைக் கட்டணம், பஸ் செலவு எல்லாம் அதில்தான். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அண்ணன் வீடியோ வேலை பார்ப்பார். (முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவேன்.) அதனால் பழைய லேப்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஹாஸ்டல், மண்டபம் என்று போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போய் வேலை செய்தேன்.

2024 ஆவணியில் ஒரு கல்யாணம். மணப்பெண் கட்டியிருந்தது அரக்கு நிறப் பட்டு. என் திரையில் அது வெளுத்த செங்கல் நிறத்தில் தெரிந்தது. 'கேமரா சரியாப் பிடிக்கல போல' என்று நானே தீர்ப்பு சொல்லி, சிவப்பை ஏற்றினேன். முகம் நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது. மஞ்சளைக் கூட்டினேன். திரையில் பிரமாதம்! லேபிலிருந்து ஆல்பம் வந்ததும் பிரித்துப் பார்த்தால்... புடவை ரத்தச் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள் காமாலை!

ஆல்பத்தைப் பார்த்த பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் புடவைய நாலு கடை ஏறி இறங்கி எடுத்தது நான்தான். இது அது இல்லப்பா" என்றார். அவ்வளவுதான்.

இருபது ஷீட்டில் பதினொன்றை அண்ணனே திருத்தி மறுபடி பிரிண்ட் போட்டார். அந்தச் செலவு என் சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்தம். அதுகூடப் பரவாயில்லை. "இனிமே கலர் வேலைய நான் பாத்துக்கறேன், நீ டிசைன் மட்டும் பண்ணு" என்று அவர் சொன்னதுதான் தைத்தது.

குற்றவாளி யார் என்று தேடியபோதுதான் எனக்குப் பாடம் ஆரம்பித்தது. போட்டோ உலகத்தின் பொதுவான நிற அளவுகோல் எஸ்.ஆர்.ஜி.பி. ஹெச்.பி.யும் மைக்ரோசாப்டும் 1996-இல் முன்வைத்தது. 1999-இல் சர்வதேசத் தரமாயிற்று. நம் ஆல்பங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் லேபுக்குப் போகின்றன. விலை குறைந்த லேப்டாப் பல '45 சதவீத என்.டி.எஸ்.சி.' பேனலோடு வருகின்றன. அதாவது எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும். முதலில் அடிபடுவது அரக்கு, குங்குமம், மரகதப் பச்சை மாதிரி அழுத்தமான நிறங்கள். நம் கல்யாணத்தில் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! போதாக்குறைக்கு என்னுடையது டி.என். பேனல், திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும். ஐ.பி.எஸ். பேனலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

புது லேப்டாப் வாங்குவதென்று முடிவாயிற்று. அம்மா தையல் மெஷின் மிதித்துச் சேர்த்ததும் என் சேமிப்புமாகக் கையில் 70,000 ரூபாய். ஹாஸ்டலில் பொதுக்குழுவே கூடியது! "மச்சி, 17.3 இஞ்ச் கேமிங் லேப்டாப் எடு, 144 ஹெர்ட்ஸ், சும்மா பறக்கும்" என்றான் பக்கத்து ரூம் நண்பன். எனக்கும் ஆசைதான். பெரிய திரையில் முகம் முகமாகப் பார்த்து வேலை செய்யலாமே! ஆனால் ஹெர்ட்ஸ் என்பது திரை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கான கணக்கு. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அன்று ராத்திரி முதலாமாண்டு கணக்கு கை கொடுத்தது. திரையின் அளவு என்று சொல்வது மூலைவிட்டத்தை. பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பார்த்தேன். 16:9 விகிதத்தில் 17.3 அங்குலத் திரையின் அகலம் 15.1, உயரம் 8.5. அதே விகிதத்தில் 15.6 அங்குலத்துக்கு அகலம் 13.6, உயரம் 7.6. ஆனால் 16:10 விகிதத்தில் வரும் 16 அங்குலத்துக்கு அகலம் 13.6, உயரம் 8.5! பழைய லேப்டாப்பின் அகலத்திலேயே 17.3-இன் உயரம் கிடைக்கிறது. முழு ஷீட்டை ஒரே பார்வையில் பார்க்க அந்த ஒன்றரை அங்குல அகலம் உதவும் என்பது உண்மை. ஆனால் நிறம் திருத்துவது படத்தைப் பெரிதாக்கி வைத்துத்தானே! தவிர, 17.3 மாடல்களில் பல இரண்டரை கிலோவுக்கு மேல், சார்ஜர் தனி. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு அது யானை வாங்கின கதை.

மெமரிக்கும் கணக்கு உண்டு. 12-க்கு 36 அங்குல ஷீட், 300 டி.பி.ஐ. என்றால் 3,600-க்கு 10,800 புள்ளி. ஒரு லேயர் முழுசாக நிரம்பினாலே சுமார் 117 எம்.பி. பத்துப் பதினைந்து லேயர் போனால் 8 ஜி.பி. ராம் மூச்சு வாங்கும். 16 ஜி.பி. வேண்டும் என்று எழுதிக்கொண்டேன்.

ஷோரூமுக்கு அம்மாவும் வந்தார். என் பையில் ஒரு பென் டிரைவ். அதில் அண்ணன் திருத்திய ஃபைல். கையில் அதே ஃபைலின் சரியான பிரிண்ட். முதலில் 17.3-இல் திறந்தேன். பளபளவென்று இருந்தது. மயங்கிவிட்டேன் என்றே சொல்லலாம். அம்மா பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்தார். "கடை லைட்டுல நிறம் பாக்கக் கூடாதுடா. ரவிக்கைத் துணிக்கு நூல் எடுக்கறப்ப நான் தெருவுக்கு வந்துதான் பாப்பேன். இந்தப் பெட்டியில புடவை செங்கல்லா இருக்கு பாரு" என்றார். விவரச் சீட்டைப் பார்த்தேன்: 45 சதவீத என்.டி.எஸ்.சி.! பட்ட இடத்திலேயே மறுபடி படப் பார்த்தேன்.

விற்பனையாளரைக் கெஞ்சி, 16 அங்குலம் ஒன்றை ஸ்பாட் லைட்டுக்கு வெளியே, கண்ணாடிக் கதவு ஓரமாக வைக்கச் சொன்னோம். நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' மோடையும் அணைத்தோம். ஐ.பி.எஸ்., 100 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி., 16 ஜி.பி. ராம், இரண்டு கிலோவுக்குள். அம்மா பிரிண்ட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். "இது அரக்கு" என்றார். பில் போடச் சொன்னேன்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். திரையின் வெளிச்சத்தை முழுக்க வைத்து வேலை செய்து, முதல் சாம்பிள் பிரிண்ட் இருட்டடித்துப் போயிற்று. இப்போது வெளிச்சத்தைக் குறைத்து, 'நைட் லைட்'டை அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். எந்த ஆல்பத்துக்கும் முதலில் ஒரு சின்ன சாம்பிள் பிரிண்ட் எடுக்காமல் அனுப்புவதில்லை. 2025 தை மாதம் அண்ணன் ஒரு சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஆல்பத்துக்குக் கலரும் நீயே பாத்துடு" என்றார்.

நண்பர்களே, உங்களில் பலர் போட்டோ வேலைக்கு லேப்டாப் வாங்கப் போகிறீர்கள். பெரிய திரை நல்லதுதான். அளவைக் கேட்கும் முன் பேனல் என்ன என்று கேளுங்கள். கையில் ஒரு நல்ல பிரிண்ட்டை எடுத்துப் போங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப் போங்கள்!