வெளிமாநிலப் பிள்ளை

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருளும் உண்டு. ஆவையும் எருதையும் நம் முன்னோர் செல்வமாகவே எண்ணினர் என்பதற்கு மொழியே சான்று. அச்செல்வத்தைக் காக்கும் கல்வியை நாடித் தம் பிள்ளை புறப்படுமாயின், எந்தத் தமிழ்க் குடும்பமும் மகிழவே செய்யும். நாங்களும் மகிழ்ந்தோம். ஆயின், அம்மகிழ்ச்சியை எய்துமுன் ஒரு வினாவுக்கு விடை தேடி இரண்டாண்டுக் காலம் மலையேறியும் இறங்கியும் அலைந்தோம். 'உங்கள் பிள்ளை எந்த மாநிலத்தவள்?' என்பதே அவ்வினா. பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வாழும் குடும்பங்களின் கைகளில் தவழப்போகும் இம்மலரில் அந்த அலைச்சலை எழுதிவைப்பது பயன்தரும் எனக் கருதினோம்.

எங்கள் ஊர் சூரியநெல்லி. கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானல் ஊராட்சியைச் சேர்ந்த மலையூர். ஒருபுறம் தேயிலைச் சரிவுகள், மறுபுறம் ஏலத்தோட்டங்கள், பள்ளத்தே ஆனையிறங்கல் நீர்த்தேக்கம். போடிநாயக்கனூரிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால், பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுமே ஒழிய, தேநீர்க் கடையின் பேச்சு மாறுவதில்லை. எங்களூர் எல்லையின் விந்தையைக் கொழுக்குமலையைக் கொண்டே விளக்கிவிடலாம். அத்தோட்டம் இருப்பது தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தில். அதற்கு ஜீப்பு ஏறும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து செல்கிறது. தமிழ்நாட்டுக்குப் போகவேண்டுமாயின் கேரளத்தின் வழியே போகவேண்டும்! எங்கள் மகளின் கதையும் ஏறக்குறைய இதுவே என்பதை முடிவில் காண்பீர்கள்.

எங்கள் பெற்றோர் கொழுந்தெடுக்க வந்தவர்கள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. லயத்து மக்கள் முதல்நாள் எந்தப் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தார்களோ, மறுநாளும் அங்கேயே நின்று பெயர் கொடுத்தார்கள். அவர்கள் ஓரடியும் நகரவில்லை. எங்களுள் ஒருவர் மலைப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவர்; மற்றவர் இருபது ஆண்டு கொழுந்தெடுத்தவர். எங்களுக்கு ஒரே மகள். அவளோடு ஒரு பசுவும் எங்கள் வீட்டில் வளர்ந்தது.

அப்பசு சுனந்தினி இனத்தது. எங்களூருக்கு அணித்தே உள்ள மாட்டுப்பட்டியில் 1963-ஆம் ஆண்டு இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆல்ப்ஸ் மலையின் பிரவுன் சுவிஸ் காளைகளை உள்ளூர்ப் பசுக்களோடு கலந்து, மலைக்காற்றுக்கும் சிறு விவசாயியின் தொழுவத்துக்கும் ஏற்ற கலப்பினத்தை அங்கே உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்ததே எங்கள் பசு. சுவிட்சர்லாந்தின் குருதி ஓடும் மாட்டினிடம் எவரும் பிறப்பிடச் சான்று கேட்டதில்லை என்று நாங்கள் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

2016-ஆம் ஆண்டு ஆடி மழையில் ஓர் இரவு. பசு ஈற்று நோவால் துடித்தது. கன்றின் மூக்கும் ஒரு காலும் தெரிந்தன; மற்றொரு கால் தெரியவில்லை. மண்சரிவால் பாதி அடைபட்ட பாதையில், பின்னிரவு ஒரு மணிக்குக் கால்நடை மருத்துவர் ஜீப்பில் வந்து சேர்ந்தார். மலையாளத்தவர். மின்சாரம் இல்லை. ஒன்பது வயதான எங்கள் மகளிடம் கைவிளக்கைக் கொடுத்து, "பேடிக்கண்டா மோளே, வெளிச்சம் அசையாமல் பிடி" என்று இரு மொழியும் கலந்து சொன்னார். சோப்பு நீரில் தோள்வரை கையைக் கழுவி, நோவு தணியும் இடைவேளை பார்த்துக் கன்றை மெல்ல உள்ளே தள்ளினார். மடங்கிக் கிடந்த காலைத் தேடி, குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாதபடி உள்ளங்கையில் பொதிந்து நிமிர்த்தினார். பின்பு இரு கால்களிலும் கயிறு பூட்டி, பசு முக்கும்போது மட்டும் எங்களை இழுக்கச் சொன்னார். அரைமணி நேரத்தில் கன்று வைக்கோலில் கிடந்தது. பசு அதை நக்கத் தொடங்கியது. மருத்துவர் கட்டன்சாயா ஒன்று பருகிவிட்டு, விடியுமுன் அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். விளக்கைப் பிடித்த கை அன்று அசையவே இல்லை. மறுநாள் சீம்பாலை அண்டை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள், ஒவ்வொரு வாசலிலும் நின்று, தான் மாட்டு டாக்டர் ஆகப்போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

குழந்தைப் பேச்சென்று நாங்கள் அதை மறந்தோம். அவள் மறக்கவில்லை என்பது 2023-இல் தெரிந்தது.

அரிக்கொம்பனை அறியாதார் எங்கள் பக்கத்தில் இலர். நியாயவிலைக் கடைகளை உடைத்து அரிசி தின்னும் காட்டானை அது. வீடுகளும் அதனால் இடிந்தன. 2023 ஏப்ரல் 29 அன்று, வனத்துறைக் கால்நடை மருத்துவர் அருண் சக்கரியா தலைமையிலான குழு சின்னக்கானலில் அதற்கு மயக்க ஊசி செலுத்தியது. கும்கிகள் நான்கு சேர்ந்து லாரியில் ஏற்ற, கழுத்தில் ரேடியோப் பட்டையோடு பெரியாறு புலிகள் காப்பகத்துக்கு அது கொண்டுசெல்லப்பட்டது. ஊரில் சிலர் நிம்மதியாக உறங்கினர், சிலர் அழுதனர். இரண்டு நிலையும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. ஆனால் யானைக்கு எல்லைப் பலகையைப் படிக்கத் தெரியுமா? அடுத்த மாதமே மலையிறங்கித் தமிழ்நாட்டின் கம்பம் நகருக்குள் நடந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாட்டு வனத்துறையினர் மீண்டும் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு-முண்டந்துறையில் விட்டனர். ஒரே யானை, ஒரே மருந்து, ஊசி செலுத்திய அரசுகள் இரண்டு.

அந்நாள்களில் பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்த எங்கள் மகள், செய்தித்தாள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு எங்களைத் துளைத்தெடுத்தாள். அவ்வளவு பெரிய உடம்புக்கு மருந்தின் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மயங்கிய யானை மூச்சடைக்காமல் எவ்வாறு காக்கிறார்கள்? எங்களால் விடை சொல்ல இயலவில்லை. "இதையெல்லாம் கற்பிக்கும் இடத்துக்கு என்னை அனுப்புங்கள்" என்றாள்.

இனிதான் எங்கள் கல்வி தொடங்கியது. தென்னாட்டில் இப்படிப்புக்குத் தாய்வீடு சென்னை. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி அது. இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர் எனப் போற்றப்பெறும் சக்குபாய் இராமச்சந்திரன் 1952-இல் பட்டம் பெற்றதும் அங்கேதான். கேரளத்தில் 1955-இல் மண்ணுத்தியிலும் 1998-இல் பூக்கோட்டிலும் கல்லூரிகள் எழுந்தன. தமிழ்நாட்டில் 1985-இல் நாமக்கல்லும், பின்னர் நெல்லை, ஒரத்தநாடு முதலிய ஊர்களும் சேர்ந்தன. 2020-இல் தேனியிலும் ஒன்று வந்தது. படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் ஓராண்டு பயிற்சிக் காலம். மகளின் மனமோ மண்ணுத்தியிலேயே இருந்தது. அழிந்துபோகும் நிலையிலிருந்த வெச்சூர்ப் பசுவை, 1989 முதல் மாணவர்களைத் துணைக்கொண்டு ஊரூராகத் தேடி மீட்டெடுத்த சோசம்மா ஐப் அங்கே பேராசிரியராக இருந்தவர். 2022-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்த வரலாற்றைப் படித்த நாள் முதல் இடுப்பளவே உயரமுள்ள அச்சிறு பசுவின் படம் அவள் மேசைமேல் நின்றது.

கல்லூரிகள் பல, எங்களுக்கு எதிரே இருந்த வாயில்களோ மூன்று. தமிழ்நாட்டின் வாயில் மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணால் திறப்பது. ஆனால் தமிழ்நாட்டைப் பிறப்பிடமாக உடையோர்க்கே திறப்பது. கேரளத்தின் வாயில் நீட் தேர்வின் தரவரிசையால் திறப்பது. மூன்றாவது, இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் நாடு முழுமைக்கும் ஒதுக்கி நிரப்பும் 15 விழுக்காட்டு இடங்கள். அதற்கும் நீட் தேர்வே திறவுகோல்.

எங்கள் மகள் பிறந்தது கேரளத்தில். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததும் கேரளத்தில். அறிவியல் பிரிவைத் தமிழில் தொடர வேண்டிப் போடியில் அவளுடைய அத்தை வீட்டில் தங்கி மேனிலைக் கல்வி கற்றாள். இந்த இரண்டாண்டு அவளைத் தமிழ்நாட்டவள் ஆக்குமா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டோம். "தமிழ் பேசுகிறீர்கள், சரி, ஆனால் நீங்கள் கேரளாக்காரர்கள் ஆயிற்றே" என்றார் அங்கிருந்தவர். மலைமேல் வேறோர் அலுவலகத்தில் சான்றொன்று வேண்டி நின்றபோது, "தமிழர்கள்தானே? அங்கே போய்க் கேளுங்கள்" என்றார் மற்றொருவர். இருவர் முகத்திலும் வெறுப்பில்லை. இருவரும் தத்தம் விதிப்புத்தகத்தைப் பார்த்தே சொன்னார்கள். அதனால்தான் எங்களுக்கு வலி மிகுந்தது. சினந்துகொள்ளவும் ஆள் இல்லாமல் போயிற்று.

எங்களினும் துயர்ப்பட்டோர் லயத்தில் உண்டு. பட்டியல் சாதியினர்க்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10-ஆம் நாளினது. அந்நாளுக்குப் பின் வேறு மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவரின் வழித்தோன்றல்கள், குடியேறிய மாநிலத்தில் அவ்வுரிமையைப் பெற இயலாது. பாட்டன் எந்த ஆண்டு மலையேறினான் என்பதற்குக் கொழுந்துக் கூடை சாட்சி சொல்லுமா? அந்த ஒரு தாள் இல்லாமையால் மேற்படிப்பைக் கைவிட்ட பிள்ளைகளை எங்கள் வகுப்பறையிலேயே கண்டிருக்கிறோம்.

இதனிடையே அவள் படித்தாள். நீட் தேர்வில் 180 வினா, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். வட்டார மொழி வினாத்தாள் அந்தந்த மாநிலத்துத் தேர்வு மையங்களிலேயே கிடைக்கும் என்பதால், தமிழ் வினாத்தாளுக்காக மதுரையைத் தேர்ந்தோம். உயிரியல் அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல. இயற்பியலோ கல்லில் நார் உரிப்பது. அதிகாலை நான்கு மணிக்கு அத்தை எழுந்து காப்பி வைத்துக் கொடுப்பார். ஊருக்கு வரும் நாள்களில் தொழுவத்தில் அமர்ந்து படிப்பாள். அந்த ஆடி மழையில் பிறந்த கன்று, இப்போது தானும் தாயான பசு, அவள் புத்தகத்தின் ஓரத்தைச் சுவைத்துப் பார்க்கும். 2025 மே 4 அன்று தேர்வு எழுதினாள். வெளியே வந்தவள், "இயற்பியல் என்னைக் கவிழ்த்துவிட்டது" என்று அழுதாள். அவ்வாண்டு இயற்பியல் வினாத்தாள் நாடெங்கும் பலரை அழவைத்தது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

கேரளப் பட்டியலில் அவளுக்கு இடம் எட்டவில்லை. மண்ணுத்தி கைநழுவியது. வெச்சூர்ப் பசுவின் படத்தை அவள் மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தபோது, நாங்கள் பார்க்காதவர் போல் இருந்தோம். அனைத்திந்தியப் பட்டியலுக்காகப் பல மாதம் காத்திருந்தோம். அடுத்த ஆண்டு மீண்டும் எழுதுவதென்று புத்தகங்களைத் தூசு தட்டி எடுத்திருந்த வேளையில், கடைசிச் சுற்றில் இடம் கிடைத்த செய்தி வந்தது. கல்லூரி, நாமக்கல்!

சற்றே எண்ணிப் பாருங்கள். தமிழச்சி ஒருத்தி, தமிழ்நாட்டுக் கல்லூரிக்குள், கேரளத்து மாணவியாக, தில்லியின் பட்டியல் வழியே நுழைகிறாள். கொழுக்குமலைக்குச் செல்லும் பாதைபோலத்தான். நாங்கள் அன்று சிரித்த சிரிப்பில் கண்ணீரும் கலந்திருந்தது.

பயணத்துக்கான ஆயத்தங்கள் தொடங்கின. வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெற்றோம். வெள்ளை மேலங்கி, முழங்கால் வரை நீளும் ரப்பர்க் காலணி, அறுவைப் பயிற்சிக்கான கத்திப் பெட்டி ஆகியவற்றை வாங்கினோம். தொண்ணூறை நெருங்கும் பாட்டி, "மாட்டுக்கு வைத்தியம் படிக்க அம்புட்டுத் தூரமா? அங்கே குளிருமே" என்று சொல்லிக் கம்பளிச் சட்டையொன்றைப் பெட்டியின் அடியில் வைத்தார். நாமக்கல்லின் வெயிலை அவரிடம் எடுத்துச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. மகளும் அதை எடுக்கவில்லை.

சேர்க்கை நாளன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். மாநிலம் என்ற கட்டத்தில் 'கேரளம்' என்று எழுதினாள். தாய்மொழி என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று எழுதினாள். எழுதுகோல் எங்கும் தயங்கவில்லை. அவளைப் பிளந்து நிறுத்தும் கேள்வி என்று நாங்கள் அஞ்சியதை, அவள் இரண்டு வரியில் எழுதிமுடித்தாள். விடுதி அறையில் உடனுறைபவள் வேறொரு வெளிமாநிலத்துப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் அப்பெண்ணுக்கு 'பசு', 'கன்று', 'சாப்பிட்டாயா' என்னும் மூன்று சொற்களையும் கற்பித்துவிட்டதாகக் கடிதம் போலத் தொலைபேசியில் விரிவாகச் சொன்னாள்.

அன்பர்களே, கோமாரி நோய் சோதனைச் சாவடியில் நின்று வரி செலுத்திவிட்டு வருவதில்லை. மாடுகளைக் கோடிக்கணக்கில் கொன்ற வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. எல்லைகளைக் கடந்து நாடுகள் கைகோத்ததாலேயே அது ஒழிந்தது. நோய்க்கு எல்லை இல்லாதபோது, மருத்துவம் கற்கவரும் பிள்ளைக்கு எத்தனை எல்லை! விதிகளை மாற்றும் வல்லமை நமக்கு இல்லாதிருக்கலாம். விதிகளை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கும் வல்லமை உண்டு. பிள்ளை எட்டாம் வகுப்பில் கால்வைக்கும்போதே, அது எங்கே பிறந்தது, எங்கே படித்தது, பெற்றோர் எங்கே பிறந்தனர் என்பவற்றுக்கான தாள்களைச் சேர்த்து வையுங்கள். எந்த வாயில் எவர்க்குத் திறக்கும் என்பதை விளக்கிச் சொல்ல ஒவ்வொரு தமிழ்ச் சங்கத்திலும் ஒருவர், ஆண்டில் ஒரு நாளேனும், அமர்ந்திருக்கட்டும். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடும் கைகளுக்கு இது அரிய செயலன்று.

எங்கள் லயத்தில் இப்போது மற்றொரு சிறுமி, தன் வீட்டு ஆட்டுக்குட்டிக்குக் காய்ச்சல் பார்க்கிறாள். ஏழாம் வகுப்பு. அவளுடைய தாளுறையை நாங்கள் தொடங்கிவிட்டோம்.